முப்பது இருக்க வேண்டிய இடத்தில்

"டீச்சர், இந்த மனுஷர் சொல்ற மாதிரி ஒரு டயல் உலகத்துலயே வந்ததில்லை" என்றார் கோதண்டபாணி.

செலின் டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உலகம் பூரா பார்த்துட்டீங்களா சார்?"

"மூணு கேட்டலாக் பார்த்துட்டேன்."

"அப்போ சரி" என்றார் டீச்சர்.

கோதண்டபாணிக்கு அறுபத்தொரு வயது. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் போட்டவர். வயல் வரப்பு ஒரு மயிரிழை தள்ளிப்போனால் தாளையே கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

செலினுக்கு முப்பத்தொன்பது. ஒரு கடிகாரக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் பூட்டிப் பூட்டிக் கை தேர்ந்துவிட்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் சொந்தமாகத் தொழில் நடத்துபவர். ஓய்வு பெற்றபின் அவரிடம் தொழில் கற்க வந்த கோதண்டபாணிக்கு, மகள் வயதுள்ளவரை டீச்சர் என்று கூப்பிடக் கூச்சமே இல்லை. டீச்சர் சொல்வதைக் கேட்பதில்தான் அவருக்குத் தகராறு.

அங்கே செய்வது க்ரோனோகிராஃப். மணியும் காட்டும், பந்தயத்துக்கு நேரமும் பிடிக்கும். பக்கவாட்டில் இரண்டு பட்டன். மேல் பட்டனை அழுத்தினால் பெரிய முள் ஓடும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். கீழ் பட்டனைத் தொட்டால் சமர்த்தாகத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். டயலுக்குள்ளேயே வலது பக்கம் ஒரு குட்டி டயல் இருக்கும். ஓடிய நிமிடங்களை அது முப்பது வரை எண்ணும்.

அறுபது வருடத்துக்கு முந்தைய கடிகாரங்கள் இப்போது யாருக்குக் கிடைக்கின்றன? ஆகவே புது மெஷினை வாங்கி, பழைய அளவில் டயல் எழுதி, பழைய மாதிரி முள்ளும் பட்டனும் தேடிப் பொருத்திக் கொடுப்பார்கள். டயல் எழுதுவது கோதண்டபாணியின் பொறுப்பு. ஒற்றை மயிர்த் தூரிகையால் எறும்புக் கண் அளவுக்கு எண் போடுவார். அதில் அவரை அடிக்க ஆளில்லை. அது அவருக்கும் தெரியும், அதுதான் சங்கடம்.

இப்போது அவர் கையில் இருந்தது நான்கு பக்கக் கடிதம். தாம்பரத்திலிருந்து அருமைநாயகம் என்பவர் சொல்லச் சொல்ல, மகள் பிரிசில்லா எழுதியது. அவர் ஒரு காலத்தில் சோழவரம் கார் பந்தயத்தில் நேரம் பிடித்தவர். அன்றைக்குக் கட்டியிருந்த கடிகாரம் எண்பத்தாறில் ரயிலில் தொலைந்துபோயிற்று. அதே மாதிரி ஒன்று வேண்டுமாம். எண்களின் சாய்வு, முள்ளின் நீளம், விளிம்பில் வேகம் குறிக்கும் கோடுகள் என்று ஒன்று விடாமல் சொல்லியிருந்தார். அந்தக் காலத்துக் கம்பெனிக் கேட்டலாக்கோடு வைத்துப் பார்த்தால் எல்லாம் அச்சு அசல்.

ஒன்றே ஒன்றைத் தவிர.

"குட்டி டயலில் பத்து, இருபது இருக்கும். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் எண் கிடையாது. ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும்."

கடைசி வரியில் மகள் தன் பங்குக்கு எழுதியிருந்தாள்: "அப்பாவுக்குக் கண் தெரியாது. பதினோரு வருடம் ஆகிறது."

"பார்த்தீங்களா? கண் போய் பதினோரு வருஷம், வாட்ச் போய் நாற்பது வருஷம்" என்றார் கோதண்டபாணி. "எதையோ எதோடயோ குழப்பிக்கிட்டார். முப்பதை எடுத்துட்டுப் பொட்டு வைக்க எந்தக் கம்பெனிக்காரனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு?"

டீச்சர் எழுந்து வந்து, ஒரு மஞ்சள் துணியை எடுத்து அவருடைய இடது மணிக்கட்டின் மேல் போட்டார். அதில் அவர் கடிகாரம் மறைந்தது.

"எத்தனை வருஷமா கட்டியிருக்கீங்க சார்?"

"இருபத்தாறு வருஷமா."

"பார்க்காம வரைங்க."

இது ஒரு வேலையா என்று கோதண்டபாணி வரைந்தார். வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்ணையும் அழகாக எழுதினார். டீச்சர் துணியை எடுத்தார்.

ஆறு என்ற எண்ணே அந்த டயலில் இல்லை. அங்கே வெறும் கோடுதான் இருந்தது.

"அட!" என்றார் கோதண்டபாணி. இருபத்தாறு வருடமாகத் தன் கையிலேயே இருந்ததை முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு உற்சாகம் வந்துவிட்டது. "இதைத்தான் டீச்சர் நானும் சொல்றேன்! கண் இருக்கிற எனக்கே இந்த லட்சணம். கண் இல்லாதவர் ஞாபகத்தை எப்படி நம்புறது?"

டீச்சர் வாயைத் திறந்தார். கீழே மாவு மில் ஓடத் தொடங்கியது. மேஜை, ஜன்னல், டம்ளர் எல்லாம் நடுங்கின. மில் ஓடும்போது அந்த மாடியில் யாரும் வேலையும் செய்ய முடியாது, பேசவும் முடியாது. டீச்சர் டீயைக் குடித்தார்.

கோதண்டபாணி தனக்குள் முடிவு செய்துகொண்டார். பெரியவர் தடுமாறிய இடத்தை நாம் திருத்திக்கொடுப்போம். அவருக்கா தெரியப்போகிறது? கடிகாரம் சரியாக இருந்தால் சரி.

நாற்பது நாள் உழைத்தார். பட்டன் இரண்டையும் டீச்சர் பார்த்துக்கொண்டார். "மேல் பட்டன் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கீழ் பட்டன் வெண்ணெய் மாதிரி இறங்கும்" என்று கடிதத்தில் இருந்தது. டீச்சர் அதற்காக ஏழு தடவை ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டினார். கோதண்டபாணி டயல் எழுதினார். முப்பதை எழுத மட்டும் ஒரு காலைப் பொழுது முழுதும் எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு முப்பதை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை.

டீச்சர் கண்ணில் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு. யாரோட வாட்ச் சார்?"

"என்ன டீச்சர் இப்படிக் கேட்கிறீங்க? அருமைநாயகம் ஐயாவோடது."

"ஓ" என்றார் டீச்சர். "அவர் கையில நீங்களே குடுங்க."

அது அந்த மாடியின் வழக்கம். கூரியரில் போவதே கிடையாது. கட்டிக்கொள்பவர் வந்தாக வேண்டும், டயல் எழுதியவர் தன் கையால் கொடுத்தாக வேண்டும். டீச்சர் பக்கத்தில் இருப்பார். ஆனால் வாயே திறக்கமாட்டார்.

அருமைநாயகம் வந்தார். நெட்டையான ஆள், எண்பத்திரண்டு வயது. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். ஏறி முடித்ததும் "பதினேழு படி" என்றார். கோதண்டபாணி இத்தனை நாளில் அதை எண்ணியதே இல்லை.

பெரியவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பிரிசில்லா கோதண்டபாணியை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"சார், பொட்டு இருக்குல்ல?"

கோதண்டபாணி பதில் சொல்வதற்குள் அவளே மேலே பேசினாள்.

"இது மூணாவது வாட்ச் சார். முதல் ரெண்டும் கடையில வாங்கினது. அந்த வாட்ச்சை நான் பார்த்ததில்ல, நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே தொலைஞ்சு போச்சு. முதல் வாட்ச்சுல பொட்டு இல்லைன்னு சொன்னேன், வேண்டாம்னுட்டார். ரெண்டாவதுல... பொய் சொல்லிட்டேன் சார். இருக்குப்பான்னு சொல்லிட்டேன்."

"சரி."

"ஒரு வாரம் கழட்டவே இல்ல. அப்படிச் சந்தோஷம். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கிட்ட, 'பொட்டு பார்த்தீரா'ன்னு கையை நீட்டியிருக்கார். அந்த ஆள், 'முப்பதுன்னுல்ல போட்டிருக்கு பெரியவரே'ன்னுட்டார்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னையிலேருந்து நான் மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறார். அதைக்கூடத் தாங்கிக்குவேன். இப்போ அவரையே அவர் நம்புறதில்ல. எங்கம்மா முகம் இப்படித்தானே இருக்கும், அப்படித்தானேன்னு ஒவ்வொண்ணா என்னைக் கேட்கிறார். நான் ஆமான்னாலும் நம்புறதில்ல. பார்த்ததை வெச்சுத்தானே சார் அவர் இத்தனை வருஷம் ஓட்டினார்?"

கோதண்டபாணி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே மேஜைமேல் அந்த அழகான முப்பது உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்தபோது பெரியவர் கையை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார்.

"கொடும் தம்பி."

கோதண்டபாணி கொடுத்தார். பெரியவர் கட்டைவிரலால் மேல் பட்டனைத் தேடி அழுத்தினார். அது முரண்டு பிடித்து இறங்கியது. காதோரம் வைத்துக் கேட்டார். மறுபடி அழுத்தினார். கீழ் பட்டனைத் தொட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"ஏ யப்பா! பிரிசில்லா, இதுதாம்மா! இதேதான்!"

பட்டனை விடாமல் அழுத்தி விளையாடினார். எண்பத்திரண்டு வயதுக்காரர் மாதிரியே இல்லை. பிறகு கடிகாரத்தைக் கோதண்டபாணியின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"விரலுக்குச் சரி. இனி கண்ணுக்கு. நீர் சொல்லும் தம்பி. பொட்டு இருக்கா?"

கோதண்டபாணி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். லென்ஸில் அழுக்கு எதுவும் இல்லை.

இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த வீட்டுக்கு மறுபடி ஒரு கேஸ்காரர் வருவார். தபால்காரர் வருவார்.

"இல்லைங்க" என்றார் கோதண்டபாணி.

"என்ன இருக்கு?"

"முப்பது."

பெரியவர் நீட்டிய கையைத் தாழ்த்தினார். கடிகாரத்தை மெல்ல மேஜைமேல் வைத்தார். மேஜை எங்கே இருக்கிறது என்பதில்கூட அவருக்குச் சந்தேகம் வந்த மாதிரி முதலில் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"வா பிரிசில்லா, போவோம். மூணு பேர் சொல்லியாச்சு. எனக்குத்தான் கலங்கிப் போச்சு."

அவர் எழுந்துவிட்டார். மகளின் தோள் எங்கே என்று கை தேடியது.

"ஐயா, நில்லுங்க!" என்றார் கோதண்டபாணி. குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "நீங்க பொட்டுன்னுதான் சொல்லியிருந்தீங்க. நாலாவது பக்கத்துல தெளிவா இருக்கு. நான்தான் அதை எடுத்துட்டு முப்பது போட்டேன்."

"நீரா? எதுக்குவே?"

"கேட்டலாக்ல இல்லைங்க."

"என் வாட்ச் மேடையிலேருந்து கீழே விழுந்தது கேட்டலாக்குக்கு எப்படித் தெரியும்?"

கோதண்டபாணி அவருடைய நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார்.

"எழுபத்தொண்ணு, பிப்ரவரி" என்றார் பெரியவர். "கண்ணாடி உடைஞ்சு, ஒரு சில்லு உள்ளே போய் அந்த முப்பதைச் சுரண்டிட்டுது. மவுண்ட் ரோட்டுல காதர் பாய்னு ஒருத்தர் ரிப்பேர் பார்த்தார். அவருக்குக் கையில நடுக்கம். அத்தனை சின்ன எண்ணை எழுத முடியாதுன்னு, சிவப்புப் பெயின்ட்ல ஒரு பொட்டை வெச்சு அனுப்பிட்டார். பந்தயத்துல எல்லாவனும் சிரிச்சான். 'நாயகம் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறான், அவன் வாட்ச் மட்டும் பொட்டு வெச்சுக்கிட்டு வருது'ன்னு. பதினஞ்சு வருஷம் தம்பி. ஒரு பந்தயத்துக்கு நானூறு தடவை அந்தப் பொட்டைப் பார்த்திருக்கேன்."

சொல்லி முடித்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் இதைச் சொல்லித்தான் இருந்தேனா? நிஜமாவே கடுதாசியில இருக்கா?"

கோதண்டபாணி கடிதத்தை எடுத்து நான்காம் பக்கத்தை உரக்கப் படித்தார். பெரியவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தார்.

"அப்போ தப்பு வாட்ச்சுலதான்."

"வாட்ச்சுலகூட இல்லைங்க. என்கிட்ட."

பெரியவர் திரும்ப உட்கார்ந்தார்.

கோதண்டபாணி மேல் பட்டனை அழுத்தி ஓடவிட்டார். முப்பதின் மேல் நிற்கும் குட்டி முள் கொஞ்சம் விலக வேண்டும், நாலு நிமிடமாவது ஆகும். பிரிசில்லா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு ஆச்சு. எடும்" என்றார் பெரியவர்.

கோதண்டபாணி பார்த்தார். நாலு நிமிடம், இரண்டு விநாடி.

முள்ளை நிறுத்தினார். கூட்டைத் திறந்து மெஷினை டயலோடு வெளியே எடுத்தார். மூங்கில் குச்சியைச் சீவி, நுனியை நனைத்து, தன் வாழ்நாளின் மிக அழகான முப்பதைச் சுரண்டினார். அது போக மனமில்லாமல் போயிற்று. வலிக்கத்தான் செய்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

டீச்சர் சிவப்பு வண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

கோதண்டபாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொட்டு வைத்தார்.

"பாரும்மா" என்றார் பெரியவர் மகளிடம்.

பிரிசில்லா லென்ஸ் வழியாகப் பார்த்தாள். "இருக்குப்பா. பொய் இல்லப்பா, நிஜமாவே இருக்கு. அப்படியே காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி வட்டமா, அழகா இருக்கு."

பெரியவரின் முகம் சுருங்கியது.

"வட்டமாவா? அப்போ அது இல்லை."

"ஐயா?"

"காதர் பாய் வெச்சது வட்டமாவா இருக்கும்? அவர் டீ குடிச்சா பாதி சாஸர்ல கிடக்கும்."

கோதண்டபாணி பொட்டைத் துடைத்தார். மறுபடி வைத்தார். வேண்டுமென்றே கோணலாக்கப் பார்த்தார். கை கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஒரு வரப்பையும் பிசகவிடாத கை, கோணலைக்கூட ஒழுங்காகத்தான் போட்டது. பிரிசில்லா பார்த்துவிட்டு, "இதுவும் நல்லா இருக்குப்பா" என்றாள். பெரியவர் தலையை ஆட்டினார்.

அதையும் துடைத்தார். தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு தூரிகையை இடது கைக்கு மாற்றினார்.

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சரின் விரல் நின்றது.

இடது கை நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பலப்பம் பிடித்த பிள்ளைக்குக்கூட அப்படி நடுங்கியிருக்காது. தூரிகை முனை எங்கே இறங்கப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. இறங்கியது. தொட்டது. வழுக்கியது.

"பாரும்மா" என்றார் பெரியவர்.

பிரிசில்லா குனிந்தாள். அவள் நிமிர வெகு நேரமானது. கோதண்டபாணியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா" என்றாள் தயங்கித் தயங்கி. "கோணலா இருக்குப்பா. இடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போய், இருபத்தொன்பதாம் கோட்டு மேல ஏறி நிக்குது. சகிக்கலைப்பா."

பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டி மகளின் முகத்தைத் தேடிப் பிடித்து, கட்டைவிரலால் அவள் புருவத்தைத் தடவினார்.

"உங்கம்மாவுக்கு இந்த இடத்துல ஒரு வெட்டுத் தழும்பு உண்டு" என்றார்.

இந்தத் தடவை அவர் யாரையும் கேட்கவில்லை.